வீட்டில் கியூடோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சியையும் வெங்காயத்தையும் சோயா சாஸ், சர்க்கரை, தாஷி (கடற்பாசியும் உலர்மீனும் ஊறிய ஜப்பானியச் சாறு) கலந்த சாற்றில் வேகவைத்துச் சூடான சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும் ஜப்பானியக் கிண்ண உணவுதான் கியூடோன். அரிசி ஊறி, சோறு வேகும் நேரத்தைத் தவிர்த்தால் மொத்த வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெங்காயத்தைச் சிவக்க வதக்குவது, கறியை வறுப்பது, எண்ணெய் பிரியும்வரை சுண்டவிடுவது என்று குழம்பு வைத்துப் பழகிய கை தானாகச் செய்யும் எதுவும் இதில் கிடையாது. கியூடோன் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

கொழுப்பு ஊடிய, மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சி 250 கிராம்
பெரிய வெங்காயம் 1 (180 முதல் 200 கிராம்)
தாஷி 200 மில்லி
சாகே (ஜப்பானிய அரிசி மது) 50 மில்லி
மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) 3 மேசைக்கரண்டி
ஜப்பானிய சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி
சர்க்கரை 1 மேசைக்கரண்டி
இஞ்சி 10 கிராம், மெல்லிய குச்சிகளாக நறுக்கியது
ஜப்பானிய அரிசி 225 கிராம், அதற்குத் தண்ணீர் 300 மில்லி

மேசைக்கரண்டி என்பது 15 மில்லி. ஜப்பானியச் சமையல் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஒரு கப் என்றால் 200 மில்லி. அரிசியை அளக்கும் ‘கோ’ என்ற அளவு 180 மில்லி, அதாவது 150 கிராம் அரிசி. ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கோப்பை பெரும்பாலும் இந்த 180 மில்லிதான். தாஷியை 240 மில்லி கப்பில் அளந்து, சோயா சாஸைக் கரண்டியில் அளந்தால் சாறு நீர்த்துப்போகும்.

செய்முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

முதலில் சோறு. அது வெந்து புழுங்கும் நேரத்தில் சாற்றைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும்.

சுமார் 24 சென்டிமீட்டர் அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்தில் தாஷி, சாகே, மிரின் மூன்றையும் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். சாராய நெடி அடங்க இரண்டு நிமிடம் போதும். சர்க்கரையைப் போட்டுக் கரைத்து, சோயா சாஸ், இஞ்சி, வெங்காயம் சேருங்கள். மிதமான தீயில் ஐந்து நிமிடம். வெங்காயம் கண்ணாடி போலாகி, கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்கும் பதத்தில் தீயைக் குறையுங்கள்.

இப்போது கறி. மொத்தமாகக் கொட்டினால் உருண்டைகட்டி, வெளிப்பக்கம் வெந்து நடுவில் சிவப்பாகவே நிற்கும். ஒவ்வொரு துண்டாகப் பிரித்துச் சாற்றின் மேல் பரப்பிப் போட்டு, குச்சியாலோ இடுக்கியாலோ மெதுவாகக் கலைத்துவிடுங்கள். நிறம் மாறியதும் மேலே திரளும் நுரையை ஒருமுறை எடுத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் சின்னக் குமிழிகள் வரும் சூட்டில் மூன்று, நான்கு நிமிடம் வையுங்கள். அடுப்பை அணைத்து மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். பரிமாறும் முன் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கினால் போதும்.

அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள். சூடு தணியும்போதுதான் கறியும் வெங்காயமும் சாற்றைப் பிடித்துக்கொள்கின்றன. இறக்கிய உடனே சாப்பிட்டால் சாறு உப்பாகவும் கறி சப்பென்றும் இருக்கும்.

எந்தப் பகுதிக் கறி வாங்குவது?

வயிற்றுப் பகுதி. ஜப்பானில் ‘பாரா’ என்று விற்பார்கள். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் இந்தப் பகுதி மலிவானதும்கூட. பல வெட்டுகளின் ஓரங்களைச் சேர்த்து விற்கும் ‘கிரிஓதோஷி’, ‘கோமாகிரே’ பொட்டலங்கள்தான் ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் புழங்குபவை. சுகியாகி என்ற மாட்டுக்கறிச் சட்டிக்கென்று வரும் விலையுயர்ந்த ஜப்பானிய வாக்யூ கறியை இதில் போட வேண்டியதில்லை. கொழுப்பு அதிகமாகி நாலு வாய்க்குள் திகட்டிவிடும்.

பெரிய சங்கிலிக் கடைகள் நம்பியிருப்பது அமெரிக்காவின் ‘ஷார்ட் பிளேட்’ வெட்டை, அதாவது தானியம் தின்று வளர்ந்த மாட்டின் அடிவயிற்றுப் பகுதியை. அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பது 2003 டிசம்பரில் தெரிந்தது. அமெரிக்காவில் மாட்டுப் பைத்திய நோய் கண்டறியப்பட்டதும் ஜப்பான் அங்கிருந்து வரும் மாட்டிறைச்சியை நிறுத்தியது. சில கடைகள் ஆஸ்திரேலியக் கறிக்கு மாறின. அந்தச் சங்கிலிக் கடைகளில் ஒன்றான யோஷினோயாவோ, புல் மேய்ந்த மாட்டுக் கறியில் தன் சுவை வராது என்று 2004 பிப்ரவரியில் கியூடோன் விற்பனையையே நிறுத்திவிட்டுப் பன்றிக்கறிக் கிண்ணத்தை விற்றது. 2006 செப்டம்பரில்தான் கியூடோன் அங்கே திரும்பவும் தட்டுக்கு வந்தது. வீட்டில் செய்பவர்கள் அவ்வளவு பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் சாற்றின் பாதிச் சுவை கறிக் கொழுப்பிலிருந்துதான் வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

ஜப்பானியக் கடை பக்கத்தில் இல்லாவிட்டால் கொரியக் கடைக்குப் போங்கள். ‘உசம்கியோப்’ என்று உறைநிலையில் சுருள் சுருளாக விற்பது இதே அடிவயிற்று வெட்டுதான்.

சீவிய கறி கிடைக்கவில்லை. கத்தியால் சீவ முடியுமா?

முடியும், பாதி உறையவைத்தால். அரைக் கிலோ கட்டியை இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். விரலால் அழுத்தினால் மேல்பகுதி கெட்டியாகவும் உள்ளே சற்று இடம் கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். முழுக்க உறைந்துவிட்டால் கத்தி வழுக்கி விரலில் ஏறும். அப்படியானால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தசைநார் ஓடும் திசையைப் பாருங்கள். அதற்குக் குறுக்காக, 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காமல், நீண்ட கத்தியை ஒரே இழுப்பாக இழுத்துச் சீவ வேண்டும். ரம்பம் போல முன்னும் பின்னும் ஆட்டினால் துண்டு கிழியும். நார்களின் நீளவாக்கில் சீவிய கறி எவ்வளவு மெல்லியதானாலும் வாயில் நூல் நூலாக நிற்கும்.

தமிழ்நாட்டுக் கடையில் கிடைக்கும் மாட்டுக்கறியில் செய்யலாமா?

செய்யலாம், சில மாற்றங்களோடு. இங்கே கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடு அல்லது எருமை. கொழுப்பு குறைவு, நார் கடினம். கடைக்காரர் குழம்புத் துண்டாகத்தான் போடுவார். அதனால் எலும்பில்லாத கறியை வெட்டாமல் ஒரே கட்டியாகக் கேட்டு வாங்குங்கள். கூடவே கொஞ்சம் கொழுப்பையும் கேளுங்கள்.

சீவிய 250 கிராம் கறியில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறி, 15 நிமிடம் கழித்து அலசிப் பிழிந்துவிடுங்கள். சோடா கறியின் காரத்தன்மையைக் கூட்டுவதால், சூடு படும்போது புரதங்கள் இறுக்கமாகப் பின்னிக்கொள்வது குறைகிறது. அளவு கூடினாலோ அலசாமல் விட்டாலோ சவர்க்காரச் சுவை வரும். கொழுப்பில் 15 கிராமைப் பொடியாக நறுக்கிப் பாத்திரத்தில் உருக்கி, அதன் மேல் சாற்றை ஊற்றித் தொடங்குங்கள்.

இத்தனை செய்தும் கறி கடினமாகவே இருந்தால், அது குழம்புக்குத்தான் லாயக்கு.

கறி ரப்பர் போல ஆகிவிடுகிறது. ஏன்?

தீ அதிகம். தளதளவென்று கொதிக்கும் சாற்றில் மெல்லிய கறி சில நொடிகளில் சுருங்கி, உள்ளிருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ‘இன்னும் கொஞ்சம் வெந்தால் மெத்தென்று ஆகும்’ என்ற கணக்கு கெட்டியான குழம்புத் துண்டுக்குப் பொருந்தும். அதில் இணைப்புத் திசு நிறைய உண்டு, மணிக்கணக்கில் வெந்தால் அது கரைந்து குழையும். 2 மில்லிமீட்டர் சீவலுக்கு அந்த நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

கொழுப்பு அதிகமுள்ள வயிற்றுப் பகுதி பத்து, பதினைந்து நிமிடம் மெல்லிய சூட்டைத் தாங்கும். தொடைக்கறி போன்ற கொழுப்பில்லாத பகுதி என்றால் நிறம் மாறி ஒரு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதியை மூடிவைத்த சூடு பார்த்துக்கொள்ளும்.

நுரையை எவ்வளவு எடுக்க வேண்டும்?

கறியிலிருந்து கசிந்த புரதம் சூட்டில் திரண்டு சாம்பல்-பழுப்பு நிறத்தில் மேலே வரும். அதை ஒருமுறை எடுத்தால் சாறு தெளியும், கவிச்சி குறையும். கூடவே மிதக்கும் பொன்னிற எண்ணெய்ப் பொட்டுகளை விட்டுவிடுங்கள், ருசி அதில்தான். கரண்டியைச் சாற்றுக்குள் முக்காமல் மேலோட்டமாக வழித்து, பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் அலசி அலசி எடுத்தால் சாறு வீணாகாது.

உறைந்த கறியில் வாடை தூக்கலாக இருந்தால் வேறொரு வழி: கொதிக்காத சூட்டில் இருக்கும் வெந்நீரில் பத்து நொடி முக்கி எடுத்து வடித்துவிட்டுச் சாற்றில் போடுங்கள்.

வெங்காயத்தை எப்படி நறுக்குவது? வதக்க வேண்டுமா?

வதக்க வேண்டாம். எண்ணெயில் சிவந்த வெங்காயம் சாற்றுக்கு வேறு மணத்தைக் கொடுத்துவிடும். இரண்டாகப் பிளந்து, தலையிலிருந்து வேர் நோக்கி ஓடும் நரம்பின் போக்கிலேயே 8 மில்லிமீட்டர் முதல் 1 சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். நரம்புக்குக் குறுக்கே நறுக்கினால் ஐந்து நிமிடத்தில் கரைந்து குழைந்துவிடும். சின்ன வெங்காயம் இதற்கு ஒத்துவராது, காரம் அதிகம். பல்லாரியே சரி.

தாஷி இல்லாமல் செய்யலாமா?

வெறும் தண்ணீரிலும் செய்யலாம். கறியே ஓரளவு ருசி தரும். ஆனால் தாஷி இருந்தால் அதே உப்புக்குச் சாறு நிறைவாக இருக்கும். காரணம் பழைய ஆராய்ச்சி: 1908ல் இகேதா கிகுனாயே கோம்பு என்ற கடற்பாசியின் சுவைக்குக் குளுட்டமேட் காரணம் என்று கண்டார். 1913ல் கொதாமா ஷிந்தாரோ, உலர்மீனான கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்று கண்டார். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு தூக்கலாகத் தெரியும். மாட்டிறைச்சியிலும் இனோசினேட் உண்டு. அதனால் மீன் பிடிக்காதவர்கள் கோம்பை மட்டும் ஊறவைத்த தண்ணீரை எடுத்தாலே போதும்.

முறையாகச் செய்ய: அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கோம்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மெதுவாகச் சூடாக்கி, அடியில் சின்னக் குமிழிகள் தோன்றியதும் கோம்பை எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு ஒரு கொதி விட்டு அணைத்து, 10 கிராம் கட்சுவோபுஷிச் சீவலைத் தூவி இரண்டு நிமிடம் கழித்துப் பிழியாமல் வடிகட்டுங்கள். அவசரத்துக்குத் தாஷித் தூள்: 200 மில்லி தண்ணீருக்கு மூன்றில் ஒரு பங்கு தேக்கரண்டி. அதில் உப்பு இருப்பதால் கையைக் கட்டுப்படுத்துங்கள்.

மாசிக்கருவாடு வீட்டில் இருந்தால் அதுவும் உதவும். கட்சுவோபுஷியும் மாசியும் சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்துபவைதான். மாசியில் உப்பும் மீன் வாடையும் கூடுதல். இடித்த மாசி 8 கிராமை 300 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, சோயா சாஸில் ஒரு தேக்கரண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த சோயா சாஸ்?

ஜப்பானிய வகை ‘கொய்குச்சி’. வேறு அடைமொழி இல்லாமல் வெறும் ஷோயு என்று விற்கும் ஜப்பானியப் புட்டி அநேகமாக இதுதான். பின்பக்கத்துப் பட்டியலில் தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு, இவற்றோடு அதிகபட்சம் சிறிது ஆல்கஹால் இருக்கலாம்.

நம்மூர் மளிகைக் கடையில் ‘டார்க் சோயா சாஸ்’ என்று வருவது ஃபிரைட் ரைஸுக்கான சரக்கு. கேரமல் நிறம் கலந்து கறுப்பாக, கெட்டியாக இருக்கும். மூன்று மேசைக்கரண்டி ஊற்றினால் கியூடோன் தார் நிறத்துக்குப் போய்க் கசக்கும். ‘உசுகுச்சி’ என்ற வெளிர்நிற ஜப்பானிய வகையும் உண்டு. நிறம் குறைவு என்பதால் உப்பும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், உண்மையில் கூடுதல். அதுதான் கையில் இருக்கிறதென்றால் இரண்டரை மேசைக்கரண்டியில் நிறுத்துங்கள்.

மிரினும் சாகேயும் கிடைக்கவில்லை. ஹலாலாகச் செய்ய முடியுமா?

முடியும். முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும்: கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் பறந்துவிடும் என்பது சரியல்ல. இவ்வளவு குறைந்த நேரச் சமையலில் ஒரு பங்கு தங்கத்தான் செய்யும். உண்மையான மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. ‘மிரின் வகைச் சுவையூட்டி’ என்று மலிவாக விற்பதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆனாலும் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. புளிக்கவைத்த சோயா சாஸிலும் இயல்பாகவே சிறிது உண்டு. ஹலால் முத்திரையுள்ள ஜப்பானிய சோயா சாஸ் சந்தையில் கிடைக்கிறது, அதைத் தேடி வாங்குங்கள்.

மாற்று அளவு இது: தாஷியை 270 மில்லியாகக் கூட்டி, சர்க்கரையை 2 மேசைக்கரண்டியாக்கி, அரிசி வினிகர் அரைத் தேக்கரண்டி, இஞ்சி இரு மடங்கு. சாகே கறி வாடையை அடக்கும் வேலையை இங்கே இஞ்சி செய்கிறது. மிரின் தரும் பளபளப்புக்குச் சர்க்கரையில் பாதியைத் தேனாக மாற்றிக்கொள்ளலாம். வெல்லம் வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

ஆல்கஹால் பிரச்சினையில்லை, மிரின் மட்டும்தான் இல்லை என்றால் 3 மேசைக்கரண்டி சாகேயும் 1 மேசைக்கரண்டி சர்க்கரையும் அந்த இடத்தை நிரப்பும்.

சாறு எவ்வளவு இருக்க வேண்டும்? சுண்டவிடலாமா?

சுண்டவிடக் கூடாது, கெட்டியாக்க மாவும் கரைத்து ஊற்றக் கூடாது. இறக்கும்போது கறி சாற்றில் முக்கால்வாசி முங்கியிருக்க வேண்டும். ஒரு கிண்ணத்துக்குக் கறியோடு மூன்று, நான்கு மேசைக்கரண்டிச் சாறு போதும். மிச்சம் பாத்திரத்தில் நிற்கும், நிற்கட்டும். மொத்தச் சோயா சாஸில் ஏழு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, அத்தனையையும் சோற்றில் கொட்ட வேண்டியதில்லை. ஜப்பானியக் கடைகளில் சாறு தாராளமாக வேண்டுமென்றால் ‘ட்சுயுதாகு’ என்று கேட்பார்கள். சாறு வேண்டாதவர்களுக்கு ‘ட்சுயுநுகி’.

தனியாக நக்கிப் பார்த்தால் சூப்பைவிட உப்பும் இனிப்பும் சற்று தூக்கலாக இருப்பதுதான் சரியான சுவை. சோற்றில் விழுந்ததும் மட்டுப்படும். நீர்த்துவிட்டதென்றால் கறியை வேறு பாத்திரத்துக்கு எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் கொதிக்கவிட்டு, பிறகு சேர்க்கவும். உப்பு கூடிப்போனால் சர்க்கரையால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள், சாறு இரண்டு பக்கமும் கனத்துவிடும். 50 மில்லி தாஷியும் இன்னும் கொஞ்சம் வெங்காயமும் சேருங்கள்.

எந்த அரிசி? எப்படி வடிப்பது?

வடிக்கவே கூடாது. உள்ளே போகும் தண்ணீர் முழுவதையும் அரிசியே குடிக்க வேண்டும். கோஷிஹிகாரி, அகிதாகோமாச்சி போன்ற ஜப்பானிய வகைகள் சிறந்தவை. ‘சுஷி அரிசி’ என்று பொட்டலத்தில் வருவதும், கலிஃபோர்னியாவின் கால்ரோஸும் ஏற்றவை. இவற்றில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை குறைவாக இருப்பதால் சோறு ஒன்றோடொன்று ஒட்டும். சாறு சோற்றைச் சுற்றி நிற்கும், அடிக்கு ஓடாது. சுஷிக்குச் செய்வது போல வினிகர் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

முதல் தண்ணீரை ஊற்றிய வேகத்தில் கொட்டிவிடுங்கள், உலர்ந்த அரிசி அந்தத் தவிட்டு வாடையைத்தான் முதலில் உறிஞ்சும். பிறகு மூன்று, நான்கு முறை கழுவி வடியவிட்டு, அளந்த தண்ணீரில் அரை மணி நேரம், குளிர்காலமென்றால் ஒரு மணி நேரம் ஊறட்டும். ரைஸ் குக்கர் இல்லையென்றால் கனமான மூடியுள்ள பாத்திரம் போதும். மிதமான தீயில் கொதி வந்ததும் சிம்மில் 12 நிமிடம், அணைத்து மூடியைத் திறக்காமல் இன்னும் 10 நிமிடம். நடுவில் திறந்து பார்த்தால் மேலே இருக்கும் அரிசி விறைத்து நிற்கும்.

225 கிராம் அரிசி சுமார் 500 கிராம் சோறாகும். ஆளுக்கு 250 கிராம்.

பொன்னி அரிசிச் சோற்றில் ஊற்றினால் ஆகாதா?

சாப்பிடலாம், ஆனால் அது வேறு உணவு. புழுங்கல் அரிசிச் சோறு உதிரியாக இருப்பதால் சாறு முழுக்க அடியில் தேங்கி, மேலே காய்ந்த சோறும் கீழே கஞ்சியுமாகிவிடும். வேறு வழியில்லையென்றால் பச்சரிசியைக் கொஞ்சம் குழைய வேகவைத்து, சாற்றைப் பாதியாகக் குறைத்து ஊற்றுங்கள். பாஸ்மதியும் சீரகச் சம்பாவும் வேண்டாம், அவற்றின் வாசம் தாஷியோடு சண்டை போடும்.

மேலே பச்சை முட்டை ஊற்றுகிறார்களே, பாதுகாப்பானதா?

ஜப்பானில் பச்சையாகச் சாப்பிடுவதை மனத்தில் வைத்துத்தான் முட்டையைக் கழுவி, சோதித்து, காலாவதித் தேதி போடுகிறார்கள். அந்த ஏற்பாடு இல்லாத ஊர் முட்டையைப் பச்சையாக ஊற்றுவது சால்மொனெல்லாவை வரவேற்பது போல.

அடுத்த படி ‘ஓன்சென் தமாகோ’. வெள்ளைக்கரு தயிர் போலத் தளதளப்பாகவும் மஞ்சள்கரு குழைந்தும் இருக்கும். மஞ்சள்கரு 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டிப்பட ஆரம்பிக்க, வெள்ளைக்கருவின் பெரும்பகுதிக்கு 80 டிகிரி வரை தேவைப்படுவதால் வரும் விளைவு இது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அணைத்து, 200 மில்லி குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதே எடுத்த நாலு முட்டையை மெதுவாக இறக்கி மூடி 17 நிமிடம் விடுங்கள். வெளியே வைத்திருந்த முட்டையென்றால் 14 நிமிடம். பாத்திரம் கனமானதாக இருக்க வேண்டும். மெல்லிய பாத்திரத்தில் சூடு சீக்கிரம் இறங்கி, வெள்ளைக்கரு தண்ணீராகவே நிற்கும்.

இந்த முறையிலும் கிருமி முழுக்கச் சாகும் என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு முட்டையைக் கெட்டியாக அவித்தே கொடுங்கள்.

சிவப்பு இஞ்சி ஊறுகாயும் ஏழு மசாலாத் தூளும் அவசியமா?

இஞ்சி ஊறுகாய் அவசியம் என்றே சொல்வோம். ‘பெனி ஷோகா’ என்ற அந்தச் சிவப்பு இஞ்சியின் புளிப்பு இல்லாவிட்டால், இனிப்பும் கொழுப்பும் பாதிக் கிண்ணத்தில் முகத்திலடிக்கும். கிடைக்காவிட்டால் 50 கிராம் இளம் இஞ்சியை நூல் போல நறுக்கி, ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டுப் பிழிந்து, அரைத் தேக்கரண்டி உப்பும் 4 மேசைக்கரண்டி வினிகரும் சேர்த்து ஒரு இரவு வையுங்கள். ஒரு பீட்ரூட் துண்டு நிறத்தைப் பார்த்துக்கொள்ளும்.

‘ஷிச்சிமி’ தூள் மிளகாய், ஆரஞ்சுத் தோல், எள், சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகு போன்றவற்றின் கலவை. நம் மிளகாய்த் தூளை அதே அளவு தூவினால் காரம் மட்டும்தான் மிஞ்சும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கடைச் சுவை வரவில்லையே?

கடையில் பெரிய சட்டி நாள் முழுக்க மெல்லிய சூட்டில் இருக்கும். கறி போகப் போகப் புதிதாகச் சேர்ப்பார்கள், சாறும் நிரப்பப்படும். தொடர்ந்து வேகும் கறியின் கொழுப்பும் வெங்காயத்தின் இனிப்பும் அந்தச் சாற்றில் ஏறியிருக்கும். 250 கிராம் கறியில் அது வராது. நெருங்க ஒரு வழி இருக்கிறது. சாற்றையும் வெங்காயத்தையும், கறியில் ஒரு கைப்பிடியையும் மட்டும் முன்கூட்டியே இருபது நிமிடம் சிம்மில் வையுங்கள். அந்தக் கறி சாற்றுக்காகப் பலிகொடுத்தது. மீதிக் கறியைக் கடைசியில் போடுங்கள். சாகேக்குப் பதில் வெள்ளை ஒயின் ஊற்றுவதும் கடைச் சுவையைத் தேடும் ஜப்பானிய வீடுகளில் வழக்கம்.

இந்த உணவு பிறந்ததே அவசரக்காரர்களுக்காகத்தான். ஜப்பானின் மேஜி பேரரசர் காலத்தில் மாட்டிறைச்சிக்கான தடைகள் தளர்ந்து, 1872ல் பேரரசரே சாப்பிட்டார் என்ற செய்தி பரவிய பிறகு ‘கியூநாபே’ என்ற மாட்டுக்கறிச் சட்டி டோக்கியோவில் பரவியது. அதைச் சோற்றின் மேல் ஊற்றி வேகமாகத் தின்றுவிட்டுப் போகும் வடிவம்தான் கியூடோன் ஆனது. யோஷினோயா 1899ல் நிஹோன்பாஷி மீன் சந்தையில் தொடங்கியது. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் சந்தை சுகிஜிக்கு நகர, கடையும் கூடவே போனது.

சுகியாகியும் இதுவும் ஒன்றா?

உறவினர்கள். சுகியாகி மேசையில், ஆழம் குறைந்த இரும்புச் சட்டியில் வேகும். சாறு குறைவாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். டோஃபு, காளான், கீரை எல்லாம் சேரும். கறியைப் பச்சை முட்டையில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கியூடோனின் சாறு தாஷியால் இளக்கப்பட்டது, சோற்றுக்காகவே அளந்தது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

கோழித் தொடையை எலும்பு நீக்கித் தோலோடு மெல்லியதாகச் சீவி, ஏழெட்டு நிமிடம், உள்ளே சிவப்பு போகும்வரை வேகவையுங்கள். நெஞ்சுக்கறி காய்ந்துவிடும். ஆட்டுக்கறி வாசம் இந்தச் சாற்றில் அடங்காது. சைவத்துக்கு: உலர்ந்த ஷீட்டாகே காளானையும் கோம்பையும் இரவு முழுக்க ஊறவைத்த தண்ணீரே தாஷி. அழுத்திப் பிழிந்த டோஃபுவை எண்ணெயில் சிவக்க வறுத்து, சிப்பிக் காளானோடு சேருங்கள். கொழுப்புக்கு ஈடாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட வேண்டும்.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

கறிக்கலவை குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு, மூன்று நாள். ஃப்ரீசரில் மூன்று வாரம். மேலே வெள்ளையாக உறைவது கொழுப்புதான், கெட்டுப்போனதன் அறிகுறியல்ல. நன்றாக ஆவி வரும்வரை, ஆனால் கொதி ஏறாமல் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் முழு வேகத்தில் வைத்தால் கறி மறுபடி இறுகும்.

சோறு வேறு கதை. ஜப்பானிய அரிசிச் சோறு குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் விறைத்துப்போகும். ஆகவே கீழ்த்தட்டில் வைக்காமல், சூடு ஆறுவதற்குள் ஒரு ஆள் பங்காகத் தட்டையாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வெளியே மணிக்கணக்கில் கிடந்த சோற்றில் ‘பேசிலஸ் செரியஸ்’ கிருமியின் நஞ்சு உருவாகலாம். சூடாக்கினாலும் அது போகாது.

பத்துப் பேருக்குச் செய்தால் எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கிவிடலாமா?

கறி, வெங்காயம், அரிசியைப் பெருக்கலாம். சாற்றை மூன்றரை மடங்குக்கு மேல் கூட்டாதீர்கள். பெரிய பாத்திரத்தில் அளவுக்குத் தக்கபடி ஆவியாவது குறைவு, வெங்காயம் விடும் தண்ணீரோ அதிகம். ஐந்து மடங்கு ஊற்றினால் கடைசியில் சூப்பாக நிற்கும். கறியை மூன்று தவணையாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் நிறம் மாறியபின் ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் சாற்றின் சூடு சட்டென்று இறங்கி, சாறு கலங்கி, நுரை எடுத்து முடியாது. சோயா சாஸில் ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.